அணைத்த கணினி கூப்பிட்டால் எழவில்லையா? பின்பக்க விளக்கைப் பாருங்கள்

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் இ-சேவை மையக் கவுன்ட்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு கணினி "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று நீலத்திரையில் சுற்றிக்கொண்டே இருந்தால், வரிசையில் நிற்கிறவருக்கு அரை நாள் கூலி போய்விடும். இதை ராத்திரியே முடிச்சிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ராத்திரியே முடிக்க வழி இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் தொழில்நுட்பப் பணியாளர் தன் இடத்திலிருந்தே தாலுகா அலுவலகக் கணினியை எழுப்பி, அப்டேட் போட்டு, மறுபடி அணைத்துவிடலாம். பகலில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் அழகாக வேலை செய்யும். சாயங்காலம் கணினியை ஷட்டவுன் செய்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். கூப்பிட்டால் பதில் வராது. இந்தப் பாடம் அந்தச் சிக்கலைப் பற்றியது. தொழில்நுட்பப் பணியாளருக்கு மட்டுமல்ல, அலுவலகத்தைக் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அணைந்தது வேறு, மின்சாரம் இல்லாதது வேறு

விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால் திரை இருட்டாகிறது, ஃபேன் நிற்கிறது. கணினி முழுக்கச் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சிபியு பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை, ப்ளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, 5 வோல்ட் அளவில் ஒரு சிறு மின்னோட்டத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெயர் ஸ்டாண்ட்பை. முன்பக்க பவர் பட்டனை லேசாகத் தொட்டதும் கணினி எழுகிறதே, அந்தப் பட்டனைக் கவனித்துக்கொண்டிருப்பது இந்தச் சிறு மின்னோட்டம்தான். கணினிக்காரர்கள் இந்த நிலைக்கு எஸ்5 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டால் அது ஜி3. எஸ்5-ல் இருக்கிற கணினி கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பது போல. ஜி3-ல் காதும் இல்லை.

தொலைவிலிருந்து எழுப்ப இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது வேக்-ஆன்-லேன். லேன் கார்டுக்கு ஒரு மேஜிக் பாக்கெட் அனுப்புவோம். 1990-களின் நடுவில் ஏஎம்டி என்ற சிப் நிறுவனம் வகுத்த முறை இது. அந்த பாக்கெட்டுக்குள் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. முதலில் எஃப்எஃப் என்ற எண் ஆறு முறை, அடுத்து அந்தக் கணினியின் மேக் முகவரி பதினாறு முறை, மொத்தம் 102 பைட். தன் முகவரியை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட லேன் கார்டு, பவர் பட்டனை அழுத்தியது போல மதர்போர்டை எழுப்பும். எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. எழுந்ததா இல்லையா என்று அது திருப்பிச் சொல்லாது.

இரண்டாவது, இன்டெல் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த வீ-ப்ரோ கணினிகளில் இருக்கும் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி. (பெங்களூரு நிறுவனமான விப்ரோ வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதில் மதர்போர்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி தனியாக இயங்குகிறது. விண்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹார்ட் டிஸ்க்கே பழுதானாலும், இது நெட்வொர்க்கில் பதில் சொல்லும். கணினி இப்போது ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்கலாம், ஆன் செய்யலாம், பயாஸ் திரையைக்கூட உங்கள் இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் இதற்கும் சாப்பாடு அதே 5 வோல்ட்தான்.

ஆகவே இரண்டு முறைக்கும் முதல் கேள்வி ஒன்றே. அந்த 5 வோல்ட் இருக்கிறதா?

விளக்கு சொல்லும் சேதி

அதைத் தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். சிபியுவின் பின்பக்கம் லேன் கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு சின்ன விளக்கு இருக்கும். கணினியை ஷட்டவுன் செய்து ஒரு நிமிடம் கழித்து அதைப் பாருங்கள். எரிந்தால் லேன் கார்டு விழித்திருக்கிறது; கோளாறை அமைப்புகளிலும் நெட்வொர்க்கிலும் தேடலாம். எரியாவிட்டால் மின்சாரத்திலோ பயாஸிலோ தேட வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கிறீர்கள், கணினி 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் ஒரு போன் போதும். ஆனால் கேட்கிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம். "கரன்ட் இருக்கா அக்கா?" என்று கேட்டால் டியூப்லைட்டைப் பார்த்து "இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, மூணாம் நம்பர் சிபியுவோட பின்பக்கம் நீலக் கேபிள் ஒண்ணு போகும் பாருங்க. அது செருகியிருக்கிற இடத்துல குட்டி லைட் எரியுதா?"

"இரு தம்பி, எட்டிப் பாக்குறேன்... இல்லப்பா, ஒண்ணும் எரியல."

"சரிக்கா. சுவத்துல அதோட ப்ளக் பாயிண்ட் ஆன்ல இருக்கா?"

"அதைத்தான் டெய்லி போறப்போ ஆஃப் பண்ணிட்டுப் போவோமே. ஏன், பண்ணக் கூடாதா?"

நம் அலுவலகங்களில் பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான். கம்பெனி வழிகாட்டி நூல்களில் இது முதல் பக்கத்தில் இருக்காது. அவை எழுதப்படும் நாடுகளில் பல இடங்களில் ப்ளக் பாயிண்ட்டுக்குச் சுவிட்சே கிடையாது. நம்மூரில் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நல்ல பழக்கமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டதும்கூட. அந்த அக்காவின் மேல் தப்பு எதுவும் இல்லை. அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

யூபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். சாயங்காலம் யூபிஎஸ்ஸை அணைத்தால் அதோடு இணைந்த எல்லாக் கணினிகளும் ஜி3-க்குப் போகும். அதே யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் சுவிட்சும் ரவுட்டரும் இருந்தால் கதை இன்னும் மோசம். கணினி விழித்திருந்தாலும் அதற்குச் சேதி கொண்டுபோக ஆள் இல்லை. மேஜைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் அந்த எட்டு போர்ட் பெட்டிக்கும் ராத்திரி முழுவதும் மின்சாரம் வேண்டும்.

"ராவெல்லாம் ஆன்ல விட்டா கரன்ட் பில் ஏறாதா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஷட்டவுன் ஆன கணினி ஸ்டாண்ட்பையில் 2 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். மாலை 6 மணியிலிருந்து காலை 10 மணி வரை 16 மணி நேரம். மாதம் 30 நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட் வரும். பத்துக் கணினிக்குப் பத்து யூனிட். இதை விட்டுவிட்டு, அப்டேட் ஓடட்டும் என்று கணினியையே இரவு முழுக்க ஆனில் போட்டு வைத்தால், ஒரு கணினிக்கு 40 வாட் என்றாலும் பத்துக் கணினிக்கு மாதம் 190 யூனிட்டைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் இந்தத் தொல்லையெல்லாம்.

இடிக்கு பயந்து அணைப்பது வேறு விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடியும் மின்னலுமாக இருக்கும் நாளில் ப்ளக்கைக் கழற்றுவதுதான் சரி. லேன் கேபிளையும் சேர்த்தே கழற்றலாம். அன்றைக்கு அப்டேட் நடக்காவிட்டால் பரவாயில்லை. மதர்போர்டு கருகிப் போனால் எந்தத் தொலைநிலை வசதியும் உதவாது.

ஒரு எச்சரிக்கை: நேற்று ராத்திரி மின்தடை வந்து போயிருந்தால், ப்ளக் ஆனில் இருந்தாலும் கணினி எழாமல் போகலாம். லேன் கார்டுக்கு "காதைத் திறந்து வை" என்று சொல்லிவிட்டுப் போவது, கணினி முறையாக ஷட்டவுன் ஆகும் அந்த நேரத்தில்தான். மின்சாரம் முழுதாகப் போய்த் திரும்பினால் பல மாடல்களில் அந்தச் சொல் மறந்துபோகும். ஒரு முறை ஆன் செய்து அணைத்தால்தான் திரும்ப நினைவுக்கு வரும். பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக அணைப்பதும் இதே விளைவைத் தரலாம். பயாஸில் "ஆஃப்டர் பவர் லாஸ்" அல்லது "ஏசி ரிகவரி" என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை "பவர் ஆன்" என்று வைத்தால், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்.

இந்த அமைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சில அலுவலகங்களில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது நிர்வாக உத்தரவாக இருக்கும். பழைய கட்டடம், பழைய வயரிங் என்றால் அதை மாற்றச் சொல்லி வாதாடாதீர்கள். அங்கே "பவர் ஆன்" வைத்துவிட்டால், காலை 9 மணிக்குக் கதவைத் திறக்கிறவர் மெயினைப் போட்டவுடன் எல்லாக் கணினியும் எழுந்துவிடும். கவுன்ட்டர் திறப்பதற்குள் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ராத்திரி முழுக்கக் கிடைப்பது போல வராது, ஆனாலும் சிறு அப்டேட்டுகளுக்குப் போதும்.

ப்ளக் ஆனில் இருக்கு, விளக்கு எரியல. அப்போ?

அப்போது பயாஸைத் திறந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் கொண்டுவந்த ஒரு விதி, அணைத்து வைத்த மின்சாதனங்கள் எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று வரம்பு கட்டியது. 2013 முதல் அந்த வரம்பு அரை வாட். உலகச் சந்தைக்குக் கணினி செய்பவர்கள் இதற்கேற்ப, அணைத்ததும் லேன் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையும் வெட்டிவிடும் வசதியை பயாஸில் வைத்தார்கள். பல கணினிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அது ஆனில் இருக்கும். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல் கணினியில் "டீப் ஸ்லீப் கன்ட்ரோல்", ஹெச்பி-யில் "எஸ்5 மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ்", லெனோவோவில் "என்ஹான்ஸ்டு பவர் சேவிங் மோட்", தனியாக அசெம்பிள் செய்த கணினிகளில் "இஆர்பி". எந்தப் பெயரில் இருந்தாலும் அதை டிஸேபிள் செய்யுங்கள். பக்கத்திலேயே "வேக் ஆன் லேன்" என்று ஒரு வரி இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். சேமித்து வெளியே வந்து, ஷட்டவுன் செய்து, மறுபடி விளக்கைப் பாருங்கள்.

நேற்று சரியாக வைத்த அமைப்பு இன்று காலை பழையபடி மாறியிருந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தினமும் சுவர் சுவிட்சை அணைக்கும் இடங்களில் இது சீக்கிரம் தீர்கிறது. காரணம், ப்ளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்தை ஸ்டாண்ட்பை பார்த்துக்கொள்ளும், இல்லாதபோது பேட்டரிதான் சுமக்க வேண்டும். கணினியின் தேதி பத்து வருடம் பின்னால் போயிருந்தால், பாதுகாப்பான இணையதளங்கள் "சான்றிதழ் செல்லாது" என்று முரண்டு பிடித்தால், முதல் சந்தேகம் இந்த பேட்டரி மேல்தான். தொலைவிலிருந்து எழுப்பினாலும் அப்படிப்பட்ட கணினி "எஃப்1 அழுத்தவும்" என்ற வரியில் நின்று, யாராவது வந்து அழுத்த வேண்டும் என்று காத்திருக்கும்.

விளக்கு எரிகிறது, எழுந்திருக்கவில்லை

இந்த இடத்தில் விண்டோஸைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுக்க ஷட்டவுன் ஆகாது. பாதி ஹைபர்னேட் நிலைக்குப் போகும். அடுத்த நாள் சீக்கிரம் திறக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் அந்த நிலையிலிருந்து வேக்-ஆன்-லேன் மூலம் எழுப்புவதை மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று போனால் கீழே அந்த டிக் இருக்கும். மேலே உள்ள நிர்வாகி அனுமதி வரியை அழுத்தினால்தான் அது மாற்றக் கிடைக்கும். எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அன்று மட்டும் முழுமையாக அணையும். அப்போது எழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

வீ-ப்ரோ முறைக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தடையில்லை. அது விண்டோஸைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் பண்புகள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "கணினியை எழுப்ப இந்தச் சாதனத்தை அனுமதி" என்ற டிக் வேண்டும். அட்வான்ஸ்டு பக்கத்தில் "வேக் ஆன் மேஜிக் பாக்கெட்" எனேபிள் ஆகியிருக்க வேண்டும். ரியல்டெக் லேன் கார்டு என்றால் "ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்" என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதுதான் நமக்கு முக்கியம். பெரிய விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றிப் போட்டால் இவை பழையபடி ஆகலாம். ஆகவே அரையாண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் கணினிகளில் ஈத்டூல் கட்டளை கொடுத்தால் "வேக்-ஆன்" என்ற வரிக்கு எதிரே ஓர் எழுத்து வரும். ஆங்கில "ஜி" என்றால் தயார், "டி" என்றால் அணைத்திருக்கிறது. கையால் மாற்றினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது பழையபடி போய்விடலாம், எனவே நெட்வொர்க் அமைப்பிலேயே நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும்.

வைஃபையில் மட்டும் இணைந்த கணினியை ஷட்டவுனிலிருந்து மேஜிக் பாக்கெட்டால் எழுப்பலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.

பக்கத்து அறையிலிருந்து எழுகிறது, மாவட்டத்திலிருந்து எழவில்லை

மேஜிக் பாக்கெட் என்பது தெருவில் நின்று போடும் சத்தம் போல. அந்தத் தெருவில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும், அடுத்த தெருவுக்குக் கேட்காது. உங்கள் தாலுகா அலுவலகம் ஒரு தெரு, மாவட்டத் தலைநகர் வேறு தெரு, நடுவில் ரவுட்டர்கள். ஒரு காலத்தில் ரவுட்டர்கள் இந்தச் சத்தத்தை அடுத்த தெருவுக்குக் கடத்திக்கொண்டுதான் இருந்தன. அதைப் பயன்படுத்தி "ஸ்மர்ஃப்" என்ற தாக்குதலைச் சிலர் நடத்தியதால், ரவுட்டர்கள் இயல்பாக அதை மறிக்க வேண்டும் என்று 1999-ல் இணையத் தரத்தையே மாற்றினார்கள். எனவே மறிக்கப்படுவது கோளாறு அல்ல. அந்தப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதும் சரியான வழி அல்ல.

இதிலே ஆளைக் குழப்பும் ஒரு வினோதம் உண்டு. 6 மணிக்கு அணைத்த கணினியை 7 மணிக்கு எழுப்பினால் எழும். அதே கணினியை ராத்திரி 11 மணிக்கு எழுப்பினால் எழாது. கணினிக்கு மூட் சரியில்லை என்று சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று தோன்றும். உண்மையில் நடப்பது இது: கணினியின் ஐபி எண்ணுக்கு நேராக பாக்கெட் அனுப்பும்போது, அந்த எண் எந்த மேக் முகவரிக்கு உரியது என்று அந்த அலுவலகத்து ரவுட்டர் தன் குறிப்பில் பார்க்கிறது. அந்தக் குறிப்பு சில மணி நேரம்தான் நிற்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பாக 4 மணி நேரம். குறிப்பு இருக்கும்வரை பாக்கெட் போய்ச் சேரும். அழிந்த பிறகு ரவுட்டர் "இந்த எண் யாருடையது?" என்று கேட்கும், தூங்குகிற கணினி பதில் சொல்லாது, பாக்கெட் குப்பைக்குப் போகும். ஆக, உங்கள் சோதனையை அணைத்த அரை மணி நேரத்தில் செய்து "வேலை செய்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். மறுநாள் விடியற்காலையில் ஒரு முறை செய்து பாருங்கள்.

இதற்கு எளிய மருந்து, அந்தத் தெருவிலேயே சத்தம் போட ஓர் ஆளை வைப்பது. அலுவலகத்தில் எப்போதும் ஆனில் இருக்கும் சிறிய கணினி ஒன்று போதும். நீங்கள் அதற்குள் நுழைந்து, அங்கிருந்து மேஜிக் பாக்கெட் அனுப்பலாம். அலுவலகம் டிஎன்ஸ்வான் இணைப்பில் இருந்தால், இதை வைப்பதற்கு முன் நெட்வொர்க் நிர்வாகியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் சுவிட்சிலும் ஒன்றிரண்டு இடம் உண்டு. கணினி அணைந்ததும் லேன் கார்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தை 1000-லிருந்து 100-க்கோ 10-க்கோ இறக்கிக்கொள்ளும். சுவிட்ச் போர்ட்டை 1000 என்று கட்டாயமாகப் பூட்டியிருந்தால் இணைப்பே அறுந்துவிடும், விளக்கும் அணையும். "ஆட்டோ" என்று விடுங்கள். போர்ட்டில் அடையாளம் கேட்கும் 802.1எக்ஸ் பாதுகாப்பு இருந்தாலும், அணைந்த கணினியால் அடையாளம் காட்ட முடியாது. அதற்கு நெட்வொர்க் நிர்வாகியின் துணை வேண்டும்.

வீ-ப்ரோ கணினிகளுக்கு மட்டும்

உங்கள் அலுவலகக் கணினியின் மேல் வீ-ப்ரோ ஸ்டிக்கர் இல்லாவிட்டால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆன் செய்யும்போது கன்ட்ரோல்-பி அழுத்தினால் இதன் அமைப்புத் திரை வரும். சில மாடல்களில் எஃப்12 மெனுவுக்குள் இருக்கும். அங்கே பவர் பாலிசி என்ற இடத்தில் இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்று கணினி ஆனில் இருக்கும்போது மட்டும் பதில் சொல்வது. மற்றது எஸ்3, எஸ்4, எஸ்5 நிலைகளிலும் பதில் சொல்வது. "பகல்ல வேலை செய்யுது, ஷட்டவுன் பண்ணா போச்சு" என்று வருகிற புகார்களில் ப்ளக்குக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்வது இந்த வரியைத்தான்.

இரண்டாவது தெரிவை வைத்த பிறகும், முதல் முறை கூப்பிட்டால் பதில் வராமல், கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டால் வரும். அது கோளாறு அல்ல. சும்மா இருக்கும்போது அந்தக் குட்டிக் கணினியும் கண்ணயரும், முதல் தட்டலில் விழிக்கும். பத்து விநாடி விட்டு மறுபடி தட்டுங்கள். பிரவுசரில் கணினியின் ஐபி எண்ணோடு 16992 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வர வேண்டும். மறையாக்கம் போட்டிருந்தால் 16993.

கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்றும் பாருங்கள். மதர்போர்டோடு வந்த இன்டெல் லேன் துளையில் மட்டும்தான் இது வேலை செய்யும். பழைய துளை கெட்டுப்போய் யூஎஸ்பி அடாப்டரிலோ தனி லேன் கார்டிலோ கேபிளை மாற்றியிருந்தால், விண்டோஸுக்கு இணையம் வரும், இதற்கு வராது. லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

ஐபி எண்ணைத் தானாக வாங்கும் அலுவலகங்களில் விண்டோஸும் இதுவும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், சிக்கல் இல்லை. நம் அலுவலகங்கள் பலவற்றில் விண்டோஸுக்குள் கையால் எண்ணைத் தட்டி வைத்திருப்பார்கள். குட்டிக் கணினியோ யாராவது எண் கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டு, கொடுக்க ஆளில்லாமல் நிற்கும். அதன் அமைப்புத் திரையிலும் எண்ணைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி, கணினியும் எழுந்து, திரையைப் பார்க்கப் போனால் ஆறு இலக்க எண் கேட்கிறதா? அந்த எண் தூரத்தில் இருக்கும் அந்தக் கணினியின் திரையில்தான் தெரியும். பகலில் அக்காவிடம் போனில் கேட்டு வாங்கலாம், ராத்திரி பூட்டிய அறையில் யார் படித்துச் சொல்வது? "கிளையன்ட் கன்ட்ரோல்" முறையில் அமைத்தால் இந்த ஒப்புதல் கட்டாயம். "அட்மின் கன்ட்ரோல்" முறையில் அமைத்தால் தவிர்க்கலாம். அதற்குக் கணினியின் முன் அமர்ந்து அமைக்க வேண்டும், அல்லது அதற்கென உள்ள டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும்.

ஒப்புதல் கேட்காத முறை என்பதால் பொறுப்பும் கூடுகிறது. அந்தக் கணினியில் மக்களின் ஆதார் நகலும் குடும்ப அட்டை விவரமும் வந்து போகின்றன. இந்தக் குட்டிக் கணினி கம்பெனியிலிருந்து வரும்போது அதன் கடவுச்சொல் "அட்மின்" என்ற ஒற்றைச் சொல்தான். அதை மாற்றாமல் விட்டால், சில நிமிடம் தனியாகக் கணினி முன் உட்காரக் கிடைத்த யாரும் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கலாம் என்று 2018-ல் எஃப்-செக்யூர் நிறுவனம் எடுத்துக்காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மே மாதம், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போகும் ஓட்டை ஒன்று வெளியாகி, இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. பழைய வீ-ப்ரோ கணினி கையில் இருந்தால், பயாஸ் புதுப்பிப்பு போட்டாகிவிட்டதா என்று பார்க்காமல் இந்த வசதியைத் திறக்காதீர்கள். 16992 முதல் 16995 வரையுள்ள போர்ட்டுகளை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். கடவுச்சொல்லைச் சிபியு மேல் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவதையும் தவிருங்கள்.

புதன்கிழமை மாலை

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. அதற்கு மறுநாள் புதன்கிழமை மாலை மட்டும் ப்ளக்கும் யூபிஎஸ்ஸும் நெட்வொர்க் சுவிட்சும் ஆனில் இருந்தால், மாதத்தின் பெரிய அப்டேட் வேலை முடிந்துவிடும். மற்ற நாட்களில் பழையபடி அணைத்துவிட்டுப் போவதுதான் அந்த அலுவலகத்தின் வழக்கம் என்றால் போகட்டும். ஆனால் புதன் காலை ப்ளக்கைப் போட்ட பிறகு கணினியை ஒரு முறை ஆன் செய்து, மாலையில் முறையாக ஷட்டவுன் செய்ய வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்கு மேலே "இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த புதன்: ஷட்டவுன் மட்டும். சுவிட்சை அணைக்க வேண்டாம். இடி மின்னல் என்றால் அணைக்கவும்" என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். கடைசியாகப் பூட்டுகிறவர் யார் என்று தெரிந்து அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு கணினிக்கும் மேக் முகவரி, எந்த நெட்வொர்க் போர்ட், டீப் ஸ்லீப் அணைத்த தேதி, பேட்டரி மாற்றிய தேதி ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். கணினி மாறினால் மேக் முகவரியும் மாறும். பழைய முகவரிக்கு மேஜிக் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தால், எடைக்குப் போட்ட கணினியைத்தான் எழுப்பிக்கொண்டிருப்பீர்கள்.